ஜனாஸாவில் (இறந்தவருக்கான தொழுகையில்) கேட்கும் கடனை உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்: வட ஆற்காட்டு ஜமாஅத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ஆற்காடு ஊர்களின் பள்ளிவாசல் பொறுப்பாளர்களான முத்தவல்லிகளுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.

2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும் போயின. மாறியது கலெக்டர் ஆபீஸ் மட்டும்தான். தோல் மண்டி, ஷூ கம்பெனி, பீடி, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது, ரமலான் வந்தால் வீட்டு வாசல்களில் நீளும் ஜகாத் (வருடக் கட்டாய தர்மம்) வரிசை எல்லாம் பழைய வட ஆற்காடாகவே இருக்கின்றன. அதனால்தான் ஊர் ஊராக எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். இந்த ரமலானில் உங்கள் மஹல்லாவின் (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியின்) ஜகாத்தை ஒரே இடத்தில் சேருங்கள். சேர்ந்த பணத்தில் முதல் வேலையாக, வட்டிக் கடனில் மாட்டிக்கொண்ட வீடுகளை வெளியே கொண்டு வாருங்கள். புடவை, அரிசி மூட்டை, கவரில் போட்ட 500 ரூபாய் நோட்டு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் கடன்? தெருவில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு அதுதான் தெரிகிறது. பீடி சுற்றுகிற வீடு, ஷூ கம்பெனிக்குப் போகிற வீடு, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து உடம்பு கெட்டுப்போன ஆளின் வீடு என்று எந்த வீட்டை எடுத்தாலும் கடன் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்பது இங்கே சாதாரணமாகப் பேசப்படும் கணக்கு. அது வருடத்துக்கு நூற்றுக்கு 60. ஆஸ்பத்திரிச் செலவுக்காக 20,000 ரூபாய் வாங்கியவள் மாதாமாதம் 1,000 ரூபாய் கட்டுகிறாள், முதல் அப்படியே நிற்கிறது. அவள் ரமலானில் பத்து வீட்டுப் படியேறி, வீட்டுக்கு 200 என்று வாங்கிக்கொண்டு வருகிறாள் என்று வையுங்கள். மொத்தம் 2,000. இரண்டு மாத வட்டி. பெருநாள் முடிந்த வாரமே அது வட்டிக்காரர் கைக்குப் போய்விடும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அல்லாஹ்வுக்குப் பயந்து கணக்குப் பார்த்து நாம் எடுத்து வைத்த ஜகாத் கடைசியில் வட்டியாகப் போய்ச் சேருகிறது. குர்ஆன் வட்டியையும் ஜகாத்தையும் ஒரே வசனத்தில் எதிரெதிராக வைத்துப் பேசுகிறது (30:39). வட்டியை அல்லாஹ் அழிக்கிறான், தர்மங்களை வளர்க்கிறான் என்கிறது (2:276). நம் ஊரில் ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறது. கொடுக்கிறவர்களின் நிய்யத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சில்லறையாகச் சிதறவிடும் முறையில்தான் கோளாறு.

இன்னொரு கடனும் உண்டு, வாரக் குழு. பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு. வசூலுக்கு வருகிறவர் அந்த ஒருத்தியின் வீட்டில் உட்கார்ந்துவிடுவார். அவள் கட்டும் வரை மற்றப் பெண்களும் வீட்டுக்குப் போக முடியாது. சாயங்காலம் ஆக ஆக அவர்கள் வாயிலிருந்து வரும் வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். கூடப் படித்தவள், பிரசவத்துக்குத் துணைக்கு வந்தவள், பக்கத்து வீட்டுக்காரி என்று எதுவும் பார்ப்பதில்லை. அண்டை வீட்டுப் பெண்களை ஒருத்திக்கு ஒருத்தி காவல் வைக்கிற ஏற்பாடு இது. பணம் போனது மட்டுமில்லை, தெருவும் போய்விட்டது.

மதீனாவுக்குப் போனவுடன் நபிகள் நாயகம் (ஸல்) செய்த காரியங்களை நம் ஹஜ்ரத்மார்கள் வருடா வருடம் பயானில் சொல்கிறார்கள். பள்ளி கட்டினார்கள். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களையும் ஊர்க்காரர்களான அன்ஸாரிகளையும் ஆளுக்கு ஆள் சகோதரராக்கினார்கள். யூதர்கள் உட்பட ஊரில் இருந்த எல்லாக் கூட்டத்தோடும் உடன்படிக்கை எழுதினார்கள். ஒரு சமுதாயம் எழும்பிய வரிசை இது. அன்ஸாரியான ஸஅது இப்னு ரபீஉ தன் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றபோது முஹாஜிரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், "உங்கள் செல்வத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, எனக்குச் சந்தை எங்கே என்று காட்டுங்கள்" என்றார். அன்றைக்கே பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கப் போனார். அப்படி மறுத்துப் பேசும் தெம்பு அவருக்கு எங்கிருந்து வந்தது? பாதிச் சொத்தைத் தர ஒருவர் தயாராக நின்றார். அந்த நம்பிக்கை பின்னால் இருந்ததால்தான் சந்தைக்குப் போக முடிந்தது. நம் மஹல்லாவில் அப்படிப் பின்னால் நிற்பது யார்?

கடன் விஷயத்தில் நபியவர்கள் எவ்வளவு கடுமை காட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, கொண்டு வந்தார்கள். "இவருக்குக் கடன் உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றதும், "உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள்" என்றார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட பிறகே முன்னே நின்று தொழவைத்தார்கள். புகாரியின் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. வெற்றிகள் வந்து பொதுவில் செல்வம் சேர்ந்த பிறகு அவர்கள் சொன்னதும் புகாரியில் இருக்கிறது: "கடன் விட்டு இறந்தவரின் கடன் என் பொறுப்பு, சொத்து விட்டுச் சென்றால் அது வாரிசுகளுக்கு."

அந்த வழக்கத்தின் முதல் பாதியை நாம் பிடித்து வைத்திருக்கிறோம். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் வாரிசு ஒருவர் நின்று, மய்யித்து யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்கிறார். பெண்கள் நாங்கள் அதை வீட்டிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். இரண்டாவது பாதி, அதாவது "அது என் பொறுப்பு" என்று ஒரு சமுதாயத் தலைவர் எழுந்து சொல்வது, நம்மிடம் இல்லை. ஆளைக் கபரில் வைக்கிற அன்றைக்குக் கேட்கிற கேள்வியை அவர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே போய்க் கேட்டால் என்ன?

ஜகாத் யாருக்கு என்று குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது (9:60). கடன்பட்டவர்கள் அதில் ஒரு வகை. அடிமைத் தளையிலிருந்து மீட்கப்பட வேண்டியவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையை அந்தக் காலத்துச் சமாச்சாரம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதே வட ஆற்காட்டில் 1990களில் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பீடி சுற்ற விட்ட குடும்பங்கள் இருந்தன. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்களைக் கொத்தடிமைகளாக இருந்தவர்கள் என்று அதிகாரிகள் மீட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். ஆக, அந்த வகையும் நம் ஊரைச் சுற்றி இல்லாமல் போய்விடவில்லை.

இப்போது நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன். "ஜகாத் அவரவர் கடமை, ஜமாஅத் எதற்கு நடுவில்?" முஆத் இப்னு ஜபலை (ரலி) யமனுக்கு அனுப்பும்போது நபியவர்கள் சொன்னது, "அவர்களுடைய பணக்காரர்களிடமிருந்து எடுக்கப்பட்டு அவர்களுடைய ஏழைகளுக்குத் திருப்பித் தரப்படும்" என்பது. எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் ஓர் ஏற்பாடு இருந்தது. உறவுக்காரரில் ஏழை இருந்தால் அவருக்குக் கொடுப்பது சிறப்பு, அதை யாரும் தடுக்க வேண்டாம். தன் ஜகாத்தில் பாதியையாவது மஹல்லாவுக்குத் தாருங்கள் என்று கேட்டால் போதும். 100 வீட்டுக்காரர்கள் ஆளுக்கு 2 லட்சம் ரூபாய்க்கு ஜகாத் கொடுக்க வேண்டியவர்கள் என்றால், இரண்டரை சதவீதத்தில் வீட்டுக்கு 5,000. மொத்தம் 5 லட்சம். பாதி வந்தாலும் இரண்டரை லட்சம். அந்த 20,000 ரூபாய்க் கடன்காரி மாதிரி பன்னிரண்டு பேரை ஒரே ரமலானில் வட்டியிலிருந்து எழுப்பிவிடலாம். தோல் ஏற்றுமதி செய்கிற குடும்பங்கள் இருக்கும் மஹல்லாக்களில் தொகை எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

"ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) இடம் இருக்கிறதா?" நாம் பெரும்பாலும் ஹனஃபி சட்ட வழியைச் சேர்ந்தவர்கள். ஜகாத் பணம் ஏழையின் கைக்கு உரிமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். கடன்பட்டவரின் சம்மதத்தோடு அவர் சார்பில் கடன்காரருக்குக் கட்டினால் அது கூடும் என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வேலைக்காரர் வாங்கிய அட்வான்ஸை முதலாளி தள்ளுபடி செய்துவிட்டு, "அதுதான் இந்த வருட ஜகாத்" என்று எழுதிக்கொள்வதைப் பெரும்பாலான ஆலிம்கள் ஏற்பதில்லை. வட்டியில்லாமல் கடன் தரும் கைமாற்று நிதி நடத்த ஜகாத்தைத் தொடாதீர்கள், அதற்கு விருப்ப தர்மங்களான ஸதகாவும் லில்லாஹ்வும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் எங்கும் போக வேண்டாம். ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் தொடங்கிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் வேலூரிலேயே இருக்கிறது. தென்னாட்டில் எத்தனையோ பள்ளிகளுக்கு இமாம்களை அனுப்பிய ஊர் நம்முடையது. பக்கத்திலேயே தண்ணீர் இருக்கும்போது மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் எதற்கு?

"இதெல்லாம் நம்மால் முடியுமா?" முடியும். ரமலான் முப்பது நாளும் நோன்புக் கஞ்சிக்கு எந்த நாள் யார் பொறுப்பு என்று பட்டியல் போட்டு, ஒரு நாள் தவறாமல், எந்த மதத்துக்காரர் பாத்திரத்தோடு வந்தாலும் ஊற்றிக் கொடுக்கிற ஜமாஅத்துக்கு இது பெரிய காரியமில்லை. இதைவிடப் பெரியதையும் செய்த ஊர்கள் இவை. மேல்விஷாரத்தில் 1918இல் கல்விச் சங்கம் தொடங்கினார்கள். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியா கல்லூரி வந்தது. தோல் வியாபாரத்தில் சம்பாதித்த மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப், சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே ஊர்விட்டு வருகிறவர்கள் தங்க சித்தீக் சராய் கட்டினார். அந்தப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் என்ன குறை என்று பார்த்தார்கள். படிப்பில்லை, தங்க இடமில்லை, அதைக் கொடுத்தார்கள். இன்று அவர்கள் இருந்திருந்தால் வட்டியைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். கீழைக் கடற்கரைப் பக்கம் அதிராம்பட்டினத்தில் பைத்துல்மால் (பொது நிதி) பல வருடங்களாக நடக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் இலவசப் புடவைக்கான டோக்கன் வாங்கக் கூடிய நெரிசலில் சிக்கி 4 பெண்கள் இறந்தார்கள். அது ஜகாத் இல்லை, தைப்பூசத்தை ஒட்டி ஒருவர் நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. ஆனாலும் ரமலான் இருபதுக்கு மேல் நம் பெரிய வீட்டு வாசல்களில் கூடும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நான்கு பேர் ஞாபகம் வருகிறார்கள். சொல்லிக்காட்டியும் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்கிறது குர்ஆன் (2:264). வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைப்பது புண்படுத்துவது இல்லையா? அந்த வரிசைக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படுவதால் வசதியானவர்கள் என்று விவரம் தெரியாதவன் நினைத்துக்கொள்வான் என்று அதே அத்தியாயம் அடையாளம் காட்டுகிறதே (2:273), அவர்கள். பள்ளி ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர், கம்பெனி மூடியதால் வேலை போன சூபர்வைசர், மகள் கல்யாணத்துக்கு வீட்டை அடகு வைத்தவர். டோக்கன் முறையால் இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. தெரு தெரியும் ஆள் வேண்டும்.

தெரு தெரிந்தவர்கள் பெண்கள். யார் வீட்டில் நகை இல்லை, யார் வீட்டுக்கு வாரத்தில் எந்த நாள் வசூல்காரர் வருகிறார், யார் பிள்ளை ஃபீஸ் கட்டாமல் வீட்டில் நிற்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெண்கள், ஜகாத் வரிசையில் நிற்பவர்கள் பெண்கள், தங்கள் நகைக்கு ஜகாத் கொடுக்கிறவர்களும் பெண்கள். ஜமாஅத் கமிட்டியில் மட்டும் பெண்கள் இல்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப், தன் தர்மத்தைக் கணவருக்கும் தன் பொறுப்பில் இருக்கும் அனாதைகளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டு நபியவர்களின் வாசலுக்கே வந்தார். இரட்டைக் கூலி என்று பதிலும் வாங்கிக்கொண்டு போனார். தன் கணவர் விஷயமாக நபியிடம் வாதாடிய கவ்லாவின் பேச்சை அல்லாஹ் கேட்டுவிட்டான் என்றே ஓர் அத்தியாயம் தொடங்குகிறது (58:1). ஜகாத் கமிட்டி அமைக்கும்போது பெண்களையும் அதில் போடுங்கள். பள்ளிக்குள் உட்கார வைக்கத் தயக்கம் என்றால் மதரஸா ஹாலில் கூட்டம் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடனை அடைத்த பிறகு அந்த வீடு மறுபடி கடன் வாங்காமல் இருக்க ஒரு வருமானம் வேண்டும். பிச்சை கேட்டு வந்த ஓர் அன்ஸாரியின் வீட்டிலிருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் நபியவர்கள் ஏலம் போட்டு இரண்டு திர்ஹம் வாங்கி, ஒன்றுக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் வருகிறது. பிடியைத் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்து, பதினைந்து நாள் கழித்து வா என்று விறகு வெட்ட அனுப்பினார்கள். அந்த ஆளுக்கு எது வரும் என்று பார்த்துக் கொடுத்தார்கள். நாமோ எல்லோருக்கும் தையல் மெஷின் கொடுத்துவிட்டு போட்டோ எடுக்கிறோம். அவளுக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்க வீட்டுத் தையல் மெஷின் உதவாது என்பது ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரியாதா? எத்தனை மெஷின்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

கல்யாணக் கடனையும் சொல்லியாக வேண்டும். நிகாஹ் பதிவுப் புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது. மஹர் எவ்வளவு என்று எழுதுகிற அதே மேஜையில், பெண் வீட்டார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு பக்கம் ஜகாத்தில் கடனை அடைத்து, மறுபக்கம் வரதட்சணைக் கல்யாணத்துக்கு ஜமாஅத் பதிவு போட்டுக் கொடுத்தால் இந்த வேலை முடியவே முடியாது. வாங்கிய கல்யாணத்துக்குப் புத்தகம் வராது என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

தோல் முதலாளிகள் பலர் கமிட்டியில் இருக்கிறீர்கள். உங்கள் ஷாப்புகளில் தோல் சுமந்து, சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற பெரும்பாலானவர்கள் சேரிகளிலிருந்து வந்த நம் அண்டை வீட்டார். ஜகாத்தை முஸ்லிமல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமா என்பதில் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் கூடாது என்கிறார்கள். ஸதகாவுக்கு அந்தத் தடை கிடையாது. வாசலில் யாசித்த யூத முதியவர் ஒருவரை கலீஃபா உமர் (ரலி) வீட்டுக்கு அழைத்துப் போய்க் கொடுத்து, பிறகு பைத்துல்மாலிலிருந்தும் அவருக்கு ஏற்பாடு செய்ததை இமாம் அபூ யூஸுஃப் எழுதி வைத்திருக்கிறார். "இளமையில் இவரிடம் வாங்கித் தின்றுவிட்டு முதுமையில் கைவிட்டோமென்றால் அது நியாயமில்லை" என்பது உமரின் வாதம். உங்கள் பழைய தொழிலாளிகளை நினைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் உட்பட 10 பேர் இறந்தார்கள். வியர்வை உலருமுன் கூலி கொடு என்ற ஹதீஸை மேடையில் சொல்கிறவர்கள், அந்த உடம்பு பத்திரமாக வீடு திரும்புவதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தோல் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றி 1996இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. அது தனியாக ஒரு மடல் எழுத வேண்டிய விஷயம், இங்கே நீட்டவில்லை.

கணக்கு விஷயத்தில் ஒளிவுமறைவு கூடாது. ஜகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றபோது, நபியவர்கள் மிம்பரில் ஏறி, "இவர் தன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். எவ்வளவு வந்தது, எத்தனை வீட்டுக் கடன் அடைந்தது, மீதி எவ்வளவு என்று ஜும்ஆ அன்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வாங்கியவர் பெயர் எங்கும் வரக் கூடாது. நிர்வாகச் செலவை மாதச் சந்தாவிலிருந்து எடுங்கள். கணக்கைப் பார்க்க வெளி ஆடிட்டர் ஒருவரைப் போடுங்கள்.

கடைசி ஹஜ்ஜில் நபியவர்கள் வட்டியை ஒழித்து அறிவித்தபோது முதலில் ரத்து செய்தது தன் சொந்தச் சிற்றப்பா அப்பாஸ் இப்னு அப்துல் முத்தலிபுக்கு வர வேண்டியிருந்த வட்டியை. மஹல்லாவில் வட்டிக்கு விடுகிற நம்மவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், சில இடங்களில் அவர்கள் தொழுகையில் முன் ஸஃப்பில் (வரிசையில்) நிற்கிறவர்கள். அவர்களிடம் ஹஜ்ரத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். அசலை மட்டும் வாங்கிக்கொண்டு வட்டியை விட்டுவிடச் சொல்லுங்கள் (2:279). கஷ்டத்தில் இருக்கிறவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லுங்கள் (2:280). ஜமாஅத் பேசினால் பாதிக் கடன் அங்கேயே கரையும். வெளியாட்களின் கந்துவட்டி என்றால் 2003லேயே தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது. ஒரு பெண் தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதும் ஜமாஅத் நிர்வாகிகளோடு போவதும் ஒன்றில்லை.

ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே கூட்டம் போட்டுவிடுங்கள். ரமலான் பிறந்துவிட்டால் கஞ்சி, தராவீஹ், ஃபித்ரா என்று ஓட்டமாகிவிடும். முதல் வருடம் மஹல்லாவுக்கு ஐந்து வீடு என்று தொடங்கினாலும் சரி. எங்கள் தெருவிலிருந்து எந்தெந்த வீடு என்று சொல்ல நான் தயாராக இருக்கிறேன், என்னைப் போல் ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தி இருப்பாள். கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

வஸ்ஸலாம்.

பேர்ணாம்பட்டிலிருந்து,
மாதச் சந்தா கட்டும் ஒரு வீட்டின் பெண்